முள் காட்டும் எண்ணும் மெய்யான எண்ணும்

வெண்ணந்தூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் தறி தடுமாறினாலோ, நாடா பாதிவழியில் சிக்கினாலோ, மெயின் போர்டில் இருக்கும் வோல்ட்மீட்டரைத்தான் பார்ப்பார்கள். முள் 385-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். லோ வோல்டேஜ் என்று உடனே முடிவு கட்டிவிடலாமா?

அந்த மீட்டரின் முகப்பில், ஓர் ஓரத்தில், பொடி எழுத்தில் 1.5 என்று அச்சாகியிருக்கும். அதுதான் துல்லிய வகுப்பு. முள் மீட்டர்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1248. அதன்படி, சாதாரண அளவுகோல் கொண்ட மீட்டரில் இந்த எண் முழு அளவின் விழுக்காட்டைக் குறிக்கிறது. முள் நிற்கும் இடத்தின் விழுக்காட்டை அல்ல. மின்னளவியலில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பேன். 500 வோல்ட் மீட்டரில் முள் எங்கே நின்றாலும் 7.5 வோல்ட் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 450-இல் அது 1.7 விழுக்காடு, 100-இல் 7.5 விழுக்காடு. முள் மேல்பாதியில் நிற்கும்படி மீட்டரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

இனி அந்த 385-க்கு வருவோம். உண்மை மின்னழுத்தம் 377.5-க்கும் 392.5-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கூடங்களுக்கு வரும் 415 வோல்ட் மும்முனை வழங்கலில் 6 விழுக்காடு ஏற்ற இறக்கத்தை அனுமதித்தன. அதன்படி கீழ் எல்லை சுமார் 390 வோல்ட். அப்படியானால் எல்லை மீறப்பட்டதா இல்லையா என்பதை இந்த மீட்டரை வைத்துச் சொல்லவே முடியாது. புகார் கொடுப்பவருக்கும் சரி, மறுப்பவருக்கும் சரி, அந்த முள் சான்றாகாது.

ஏழெட்டு வோல்ட்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. இண்டக்‌ஷன் மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 392.5 வோல்ட்டில் 11 விழுக்காடு திருப்புவிசை குறைகிறது, 377.5-இல் 17 விழுக்காடு.

அம்மீட்டரில் நிலைமை இன்னும் மோசம். 1 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று முழுச் சுமையில் எடுப்பது சுமார் 2 ஆம்பியர். 100 ஆம்பியர் மீட்டரின் பிழையோ 1.5 ஆம்பியர் வரை போகும். போதாததற்கு, போர்டுகளில் உள்ள இரும்பு நகரும் வகை மீட்டர்களில் தொடக்கக் கோடுகள் நெருக்கியடித்துக் கிடக்கும். கூடம் முழுவதன் சுமையைப் பார்க்க அது போதும். ஒரு தறியின் கோளாற்றைக் கண்டுபிடிக்கப் போதாது.

துல்லிய வகுப்பும் குறித்த நிலைமைகளில்தான் செல்லும். செங்குத்தாகப் பொருத்தச் செய்த மீட்டரை மேசையில் கிடத்திப் பார்த்தால் முள்ளின் சமநிலை மாறும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை. ஆய்வக மீட்டர்களில் முள்ளுக்குப் பின்னால் கண்ணாடிப் பட்டை வைப்பது இதற்காகவே. முள்ளும் பிம்பமும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் கண்ணை வைக்க வேண்டும். தறிகளின் ஓயாத அதிர்வில் முள் சுழலும் ஊசிமுனை தேய்ந்து உராய்வு கூடும். முகப்பை விரலால் மெல்லத் தட்டும்போது முள் இடம் மாறி நின்றால், அந்த மீட்டருக்குப் பரிசோதனை வேண்டும்.

எதனோடு ஒப்பிட்டுப் பரிசோதிப்பது? அதைவிடத் துல்லியமான மீட்டரோடு; அதை இன்னொன்றோடு. இந்தச் சங்கிலியின் தலைமாடு புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். 1950 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். படிகங்களின் காந்தப் பண்புகளை நுணுக்கமாக அளந்த தமிழர், நாட்டின் அளவைகளுக்குப் பொறுப்பேற்றது மிகப் பொருத்தம்.

கூடம் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் 385 வோல்ட் என்று மட்டும் எழுதாதீர்கள். பக்கத்திலேயே மீட்டரின் முழு அளவு, வகுப்பு எண், கடைசியாகப் பரிசோதித்த தேதி மூன்றையும் எழுதுங்கள். அவை இருந்தால்தான் அந்த எண்ணை வைத்து யாரிடமும் வழக்குப் பேச முடியும்.