மாசி வெயிலும் ஆனி வெள்ளமும்

ஆனி மாதத்துப் பிற்பகலொன்றில் கண்டி வாவிக் கரையில் குடை பிடித்து நிற்பவர், பேருந்தேறி மகியங்கனை வீதியில் 10 மைல் சென்று திகனவில் இறங்குவாராயின், பெரும்பாலும் அக்குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நடப்பார். தென்மேல் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழையை மேற்குச் சரிவுகளும் ஹந்தானை மலையும் முதலில் வாங்கிக்கொள்கின்றன. எஞ்சிய தூறலே தும்பறைப் பள்ளத்தாக்கை எட்டுகின்றது. மார்கழியில் வடகீழ்க் காற்று வீசத் தொடங்கினால், வடக்கிலும் கிழக்கிலும் நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் அம்மழையையும் தடுத்து நிறுத்துகின்றது. இரு பருவங்களுக்கும் மறைவான இப்பள்ளத்தாக்கிற்கு ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு பெய்யும் மழையே பெருந்துணை. திகனவும் குண்டசாலையும் பல்லேகலையும் இப்பள்ளத்தாக்கில் அமைந்த ஊர்கள்.

எந்தப் பருவம் இனியது என்னும் கேள்விக்கு இலங்கையில் ஊருக்கு ஒரு விடை உண்டு. யாழ்ப்பாணத்து விவசாயி புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு, சோளகம் ஓய்ந்து மாரி பிறப்பதைப் பார்த்திருப்பான். கொழும்பில் வாழ்பவர் சித்திரைப் புழுக்கத்தில் வெந்து, வைகாசி மழையை வரவேற்பர். கண்டியில் கேட்டால் தையும் மாசியும் என்பர். விடியலிற் பனி, பின்பு தெளிந்த வானம், 1,600 அடி உயரம் ஆதலால் வெயிலும் உறைப்பதில்லை, பாதைகள் உலர்ந்திருக்கும், ஆற்றில் நீர் குறைந்து மணல் தெரியும். விருந்தினரை அழைப்பதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்பர் ஊரார். கண்டி அரசர் காலத்திலும் விருந்தினர் இம்மாதங்களில்தான் வந்தனர். ஆனால், அவர்கள் துப்பாக்கியோடு வந்தனர்.

மலைநாட்டின் பருவங்களைக் கூர்ந்து நோக்கி எழுதிவைத்தவர்களுள் முதன்மையானவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டு கொட்டியாரத்துக் கரையில் தந்தையோடும் கப்பல் மாலுமிகளோடும் சிறைப்பட்ட அவர், 1679 வரை கண்டி இராச்சியத்து ஊர்களில் வாழ்ந்து, பின் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் தமது நூலை வெளியிட்டார். மேல்காற்று வீசும்போது மேற்குப் பகுதியில் மழை பெய்து உழவு தொடங்குவதையும், அதே வேளையில் கிழக்குப் பகுதி காய்ந்து அங்கே அறுவடை நடப்பதையும் அவர் குறித்துள்ளார். கீழ்காற்று எழுந்ததும் இவ்வொழுங்கு தலைகீழாகும். ஒரு மலையின் இப்புறம் நனைந்து, அப்புறம் இறங்கியதும் நிலத்திற் கால் வைக்க இயலாத சூட்டை உணர்ந்த தம் அனுபவத்தையும் அவர் கூறுகின்றார். குடையை மடக்கும் இன்றைய பிரயாணியின் அனுபவமும் அதுவேயாகும். நாட்டின் பாதைகள் வேண்டுமென்றே ஒடுங்கியனவாகவும், முட்கதவுகளாற் காக்கப்பட்டனவாகவும் இருந்தமையையும் அதே நூல் விரிவாகச் சொல்லுகின்றது. பாதையை அரசன் அடைத்தான். எஞ்சியதை மழை அடைத்தது.

கரையோரத்தை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரும் இம்மலை இராச்சியத்தின்மீது படையெடுத்தனர். அவர்கள் வந்த மாதங்களைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். 1638இல் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ டி மெலோ கண்டிக்குள் நுழைந்து திரும்பும் வழியில் கன்னொறுவையில் அழிந்தது பங்குனி மாதம். 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் நகரைப் பிடித்தது பெப்ரவரியில். 1803இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்ததும் பெப்ரவரியில். 1815இலும் அவ்வாறே. பீரங்கியை இழுக்க உலர்ந்த பாதை வேண்டும். படை கடக்க வற்றிய ஆறு வேண்டும். கண்டி அரசரோ நகரைக் காக்கப் பெரிதாக முயல்வதில்லை. களஞ்சியத்தை ஒழித்து, சில வேளை அரண்மனைக்கே தீயிட்டு, மலைக்குள் மறைந்து, வைகாசி பிறக்கும்வரை பொறுத்திருப்பர். 1765இல் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற காவற்படை நோயாலும் உணவின்மையாலும் மெலிந்து, அவ்வாண்டிலேயே நகரைக் கைவிட்டுக் கீழே இறங்கியது. அப்போது அரசாண்ட கீர்த்தி சிறீ இராசசிங்கன் மதுரையோடு உறவுடைய நாயக்கர் வமிசத்தவன். காவிரியும் வைகையும் ஆடியிற் பெருகுவதைக் கொண்டாடிய மக்களின் வழிவந்தவனுக்கு, மகாவலி பெருகும் மாதங்கள் அரணாயின.

1803ஆம் ஆண்டுக் கதையைச் சற்று நின்று நோக்குதல் தகும். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் அனுப்பிய படை, தளபதி மக்டவல் தலைமையில் ஜனவரி 31இல் கொழும்பிலிருந்து புறப்பட்டது. திருகோணமலையிலிருந்து மற்றொன்று வந்தது. வானம் தெளிவு; எதிர்ப்பும் குறைவு. மூன்று வாரத்தில் நகர் கைக்கு வந்தது, ஆளற்ற நகராக. முன்னைய அரசியொருத்தியின் உடன்பிறந்தவனான முத்துசாமி என்னும் நாயக்க இளவரசனை அவர்கள் அரசன் என்று முடிசூட்டினர். முடி சூட்டிய அவனை அரசனென்று கண்டி மக்கள் ஏற்கவில்லை. சித்திரையில் மக்டவல் படையின் பெரும்பகுதியோடு இறங்கிச் சென்றார். எஞ்சியோரிடையே காய்ச்சல் பரவியது. பின்பு மழை பிடித்துக்கொண்டது; கரையோரத்திலிருந்து உணவும் மருந்தும் வருவது அரிதாயிற்று. யூன் 24ஆம் நாள் கண்டிப் படை நகரைத் தாக்கியபோது, மேஜர் டேவியின் கீழ் எழுந்து நிற்க வல்ல ஐரோப்பியச் சிப்பாய்கள் மிகச் சிலரே. சரணடைந்து, நோயாளரை மருத்துவசாலையிலே விட்டு, மலாய்ச் சிப்பாய்கள் உட்பட எஞ்சியோருடன் அவர் திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார்.

நகருக்கு வெளியே வட்டபுலுவவில் மகாவலி அவர்களை மறித்தது. பெப்ரவரியில் இலகுவாகக் கடந்த ஆறு, கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மழை பெய்யாவிட்டாலும் ஆறு பெருகும். மேற்கு மலைகளிற் பெய்த மழையே அவ்வெள்ளம். ஓடமில்லை; தெப்பம் கட்டவும் இயலவில்லை. முத்துசாமியை ஒப்படைத்தால் வழி விடுவதாக அரசனின் ஆட்கள் கூறினர். டேவி முதலில் மறுத்து, பின் ஒப்படைத்தார். இளவரசன் கொல்லப்பட்டான். அதன் பின்னும் வழி கிடைக்கவில்லை; யூன் 26இல் படையினர் பெரும்பாலோர் ஆற்றங்கரையில் வெட்டுண்டனர். மருத்துவசாலையில் கிடந்தோரும் தப்பவில்லை. டேவி பல ஆண்டு சிறையிருந்து மலைநாட்டிலேயே மாண்டார். இக்கொலை கொடியது என்பதில் ஐயமில்லை. நம்பி வந்த இளவரசனைக் கைவிட்டதும் சிறியதன்று. மனிதர் செய்த இவ்விரண்டிற்கும் களம் அமைத்துக் கொடுத்தது ஆனி மாதத்து ஆறு.

காய்ச்சல் மழையால் வருவதென்றும், சதுப்பின் கெட்ட காற்றால் வருவதென்றும் அக்காலத்தவர் நம்பினர். மலேரியாவைப் பரப்புவது நுளம்பு என்பது 1897இல் றொனால்ட் றொஸ் செய்த ஆராய்ச்சியின் பின்னரே தெளிவாயிற்று. இந்நாட்டு மலேரியா நுளம்பு பெரிதும் விரும்புவது, ஆறு வற்றும்போது மணலிடையே தங்கும் தெளிந்த குட்டை நீரை. 1934இல் தென்மேல் மழை பொய்த்து, மகாவலி முதலிய ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கியபோது எழுந்த கொள்ளைநோயில் மாண்டோர் தொகை ஏறத்தாழ 80,000 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆகவே, மாசி வெயிலை நம்பி வந்த படைகளை வீழ்த்திய காய்ச்சலுக்கு அம்மாசி வெயிலே வித்திட்டிருக்கலாம்.

1815இல் மழையின் காவலும் அரசனைக் காக்கவில்லை. பிரதானிகள் பலர் அவனை விட்டு விலகிவிட்டனர். தேசாதிபதி பிரவுண்றிக்கின் படை பெப்ரவரி 14இல் நகரை அடைந்தது. சிறீ விக்கிரம இராசசிங்கன் வழமை போலத் தும்பறைக்கு விலகினான். இன்று திகனவையும் தெல்தெனியவையும் கடந்து சென்றால் வரும் மெதமகாநுவரப் பகுதியில், பெப்ரவரி 18இல் அவன் பிடிபட்டான். மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மார்ச்சு 2இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டு வேலூருக்கு அனுப்பப்பட்ட அரசன், மலைப்பனி அறியாத அக்கோட்டையில் 1832 வரை வாழ்ந்து மறைந்தான்.

தும்பறையின் வெயிலை விரும்பி நாடிய அரசனும் ஒருவன் உண்டு. நாயக்கருக்கு முன்பு, 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்கன், கண்டியை விட்டுக் குண்டசாலை ஆற்றங்கரையில் மாளிகை அமைத்துத் தங்கினான். அதற்கு அரசியற் காரணங்கள் கூறப்படலாம். ஆனால், ஆடிமாதத்துக் கண்டியின் ஓயாத தூறலை அறிந்தவர் எவரும் அவனைக் குறை கூறார்.

புதிய ஆட்சியாளர் முதலிற் செய்தது மழையின் வலிமையை முறித்ததே. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் கடுகண்ணாவையூடாக வீதி அமைந்தது. 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது. மலையைத் துளைத்து வழி செய்பவனுக்கே இந்நாடு அடங்கும் என்றொரு பழைய நம்பிக்கை கண்டி மக்களிடையே வழங்கியதாம். பார்ன்ஸ் நுவரெலியாவில் தமக்கென மாளிகையும் கட்டினார். கரையோரம் வேகும் சித்திரையில் மலைக்கு ஏறும் ‘சீசன்’ வழக்கம் நாளடைவில் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைக்கு மாற்றியதற்கும் இம்மலைச் சுவாத்தியத்தின் கவர்ச்சி ஒரு காரணம்.

ஆனால் கண்டிச் சீமையின் பருவங்களைக் காலால் அளந்தவர்கள் வேறு மக்கள். கோப்பிச் செடி மாசி வறட்சியில் வாடி, சித்திரை மழை கண்டதும் வெண்பூப் பூக்கும். ஆவணிக்குப் பின் பழுத்து மார்கழிவரை பறிக்கப்படும். அப்பறிப்புக் காலத்திற்கென இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி ஏறத்தாழ 150 மைல் காட்டுவழி நடந்தனர். மலைநாட்டிற் கோப்பி பழுக்கும் அதே மாதங்கள், வன்னிக் காடுகளில் குளங்கள் வற்றிக் குடிநீருக்குத் தவிக்கும் மாதங்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே எத்தனையோ பேரைக் கொண்டன. பறிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது அதே காடு வடகீழ் மழையில் வெள்ளக்காடாகக் கிடந்தது. தோட்டத்துரைக்குக் கோப்பிக்காலம் நற்காலமாயிருந்தது. அதைப் பறித்தவனுக்கு இரு முனையும் தீக்காலம். போர்களில் மாண்ட சிப்பாய்களுக்கு நினைவுக்கற்கள் உண்டு. இவ்வழியில் விழுந்தோருக்கு அவ்வளவும் இல்லை.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் நுண்வித்துக்களைக் காற்றுப் பரப்ப, ஈர இலையில் அவை முளைத்தன. மழைநாட்டின் ஈரமே பயிருக்குப் பகையாயிற்று. அதன் இடத்தைப் பிடித்த தேயிலைக்கோ அந்த ஈரமே உணவு. ஆண்டு முழுதும் கொழுந்து துளிர்ப்பதால், தொழிலாளர் பருவத்திற்கு வந்து போவது மாறி, குடும்பமாகக் குடியிருப்பதாயிற்று. கம்பளியைத் தலையிற் போர்த்து, அட்டைக்கடியோடு நிரையில் நின்றோருக்கு மழைநாள் கொழுந்து மிகுந்த நாள். உடல் நடுங்கும் நாளும் அதுவே. தும்பறையின் வெயில் நிலத்தில் கொக்கோவும் புகையிலையும் பெயர் பெற்றன.

திகனவின் முகத்தை மாற்றிய பெரிய நிகழ்ச்சி அண்மைக் காலத்தது. மகாவலித் திட்டத்தின்கீழ் 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமுடையது. அதன் பின்னே எழுந்த நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கின் வயல்களையும் பழைய தெல்தெனிய நகரையும் மூடிக்கொண்டது. குடும்பங்கள் பல மேட்டு நிலங்களுக்கும், தொலைவிலுள்ள வறண்ட வலயத்துக் குடியேற்றங்களுக்கும் சென்றன. மேற்கு மலைகளில் பெய்யும் தென்மேல் மழையே இன்றும் அத்தேக்கத்தை நிரப்புகின்றது. ஆனி மாதத்தில் திகன வீதியில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, கீழே நீர்மட்டம் நாளுக்கு நாள் உயர்வதைக் காணலாம்.

மழை பொய்க்கும் ஆண்டுகளில் நீர் வெகுவாக இறங்கிவிடும். அப்போது சேறு வெடித்த தரையில் பழைய தெல்தெனியவின் சுவர்களும் படிக்கட்டுகளும் தலைகாட்டும். மாசி வெயிலில் ஊரார் அங்கு இறங்கிச் சென்று, எது கடைவீதி, எது தம் வீட்டு வாசல் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவர். ஆனி வெள்ளம் வந்ததும் அவ்வாசல்கள் மீண்டும் நீருக்குள் போய்விடும்.