ஆறுக்கு மூன்று: பாகவதர் வழக்கின் ஜூரிகள்

பாகவதர் ஜெயிலுக்குப் போன கதை ஊரறிந்தது. எங்க களமருதூர் பக்கம் வயசானவங்ககிட்ட பேச்சு கொடுத்தா, "ஒண்ணும் செய்யாமலா புடிச்சு உள்ள வெச்சான்?" என்பார்கள். எனக்கு ஆர்வம் அவரை உள்ளே அனுப்பிய ஜூரிகள் மேல்தான்.

சுருக்கமா சொல்லிடறேன். மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு உட்பட சிலர் கைதானார்கள். ஹைகோர்ட்டில் நீதிபதி மாக்கெட் முன்னால் ஜூரி விசாரணை. நாயுடு விடுதலை. மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை.

ஒன்பது ஜூரிகளில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டம் 305-ஆம் பிரிவின்படி குறைந்தது ஆறு பேர் ஒத்துப்போய், நீதிபதியும் ஏற்றால் போதும். அதாவது பாஸ் மார்க். இன்னும் ஒருத்தர் மனசு மாறியிருந்தால் அந்த ஜூரியை வைத்துத் தண்டனை கொடுத்திருக்க முடியாது.

அந்த ஒன்பது பேரும் சென்னைவாசிகள். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' விசாரணை நடக்கும்போதும் பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், சினிமாக்காரர்களின் அந்தரங்கம் என்று லட்சுமிகாந்தன் எழுதியதெல்லாம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பக்தியும் வெறுப்பும் ஒரே ஆள் மேல். இதை வெளியே கழற்றி வைத்துவிட்டு கோர்ட்டில் கேட்டதை மட்டும் எடை போடணும்.

கேட்டதும் லேசானதில்லை. அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது ஓர் அப்ரூவரை. அப்ரூவர் பற்றி 1872 சாட்சியச் சட்டம் ரெண்டு குரலில் பேசும். 133-ஆம் பிரிவு, அவன் சொல்லை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் சட்டவிரோதமில்லை என்கிறது. 114-ஆம் பிரிவின் உதாரணமோ, முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் அவனை நம்பாதே என்கிறது. அந்தத் துணை ஆதாரம் கொலை நடந்தது என்று காட்டினால் போதாது, அதை யாருமே மறுக்கவில்லை. இந்தக் குற்றவாளிக்கு அதில் பங்கு உண்டு என்று, அப்ரூவரைச் சாராத வேறொரு வழியில் காட்டணும். எங்க தொழிலில் சொல்வதானால், ஒரே சர்வரிலிருந்து வந்த லாகை ரெண்டு தடவை படிச்சா அது ரெண்டு சாட்சி ஆகாது.

ஆறு பேர் இதை எப்படி யோசித்தார்கள்? ஜூரி காரணம் எழுத வேண்டியதில்லை, அதனால் பதிவே கிடையாது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் எழுதியாகணும். முதல் அப்பீல் தள்ளுபடியானது. லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, ஹேப்பல், ஷஹாபுதீன் இருவரும் மறுபடி கேட்டு, சாட்சியம் போதாது என்று 1947 ஏப்ரலில் விடுவித்தார்கள். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை. பாகவதர் மறுபடி பழைய உயரத்துக்கு வரவே இல்லை.

இதற்கு நேர் எதிர் 1959 பம்பாய் நானாவதி வழக்கு. அங்கே ஜூரி எட்டுக்கு ஒன்று என விடுவித்தது, நீதிபதி ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார், அங்கே தண்டனை. 1973-இல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

அந்த 133-ஆம் பிரிவு மட்டும் நெடுங்காலம் அப்படியே கிடந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய சாட்சியச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில்தான் வாசகம் மாறியிருக்கிறது: வேறு ஆதாரம் துணை நிற்கும் கூட்டாளியின் சாட்சியத்தை வைத்துத் தண்டித்தால் சட்டவிரோதமில்லை, என்று.