வெடிவைத்துத் தகர்த்த இசை



கல்யாண வரவேற்பில் டிஜே போடும் 'டும் டும்' சத்தம் கேட்டாலே நம் வயதுக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்கிறோம். அந்தச் சத்தத்தின் வேர்களில் ஒன்று ஹவுஸ் இசை. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வரலாற்று வாத்தியாருக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

1979 ஜூலை 12. அமெரிக்காவின் சிகாகோ நகரில் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளருக்கு டிஸ்கோ இசை பிடிக்காது. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றோடு வந்தால் நுழைவுக் கட்டணம் 98 சென்ட் மட்டுமே என்று அறிவித்தார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அந்தத் தட்டுகளை மைதானத்திலேயே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை.

அன்று அங்கே பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவர். சின்தசைசர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். வந்த தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல, வெறுமனே கறுப்பின மக்களின் பாடல்கள் என்பதைத் தாம் கவனித்ததாகப் பின்னாளில் சொன்னார்.

டிஸ்கோ செத்தது என்றார்கள். ஆனால் அதே ஊரில், வேர்ஹவுஸ் என்ற ஆட்டக்கூடத்தில், அது உயிரோடு இருந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே இசைத்தட்டுகளை இயக்கினார். விடிய விடிய ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், தன்பாலின ஈர்ப்பினர். வெளியே ஏளனத்துக்கு ஆளானவர்கள் அங்கே பயமில்லாமல் ஆடினார்கள். அந்தக் கூடத்தின் பெயரிலிருந்துதான் 'ஹவுஸ்' என்ற பெயர் வந்தது என்பார்கள்.

பெரிய இசைக்குழு வைக்க இளைஞர்களிடம் பணம் இல்லை. டிரம் மெஷின் போதுமானதாக இருந்தது. நாலு எண்ணிக்கையிலும் தவறாமல் ஓர் அடி, நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 130 அடிகள். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் 'ஆன் அண்ட் ஆன்' வெளியிட்டார். முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலர் சொல்வது இதைத்தான். அதைச் சேர்ந்து உருவாக்கியவர் யார் தெரியுமா? மைதானத்தில் இருக்கை காட்டிய அதே வின்ஸ் லாரன்ஸ்! 1987 ஜனவரியில் சிகாகோக்காரர் ஸ்டீவ் 'சில்க்' ஹர்லியின் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. வேர்ஹவுஸ் இருந்த கட்டடத்தை 2023இல் சிகாகோ நகரமே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

ஆட நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை நான்கு ஆல்பங்கள்: இன்னர் சிட்டியின் 'பாரடைஸ்' (1989), டாஃப்ட் பங்கின் 'ஹோம்வொர்க்' (1997), பேஸ்மென்ட் ஜாக்ஸின் 'ரெமடி' (1999), பியான்சேயின் 'ரெனசான்ஸ்' (2022). முதலாவதில் குரல் இனிமை. மூன்றாவதில் கால் தானாகவே ஆடும்.

'ஹோம்வொர்க்'கில் 'டீச்சர்ஸ்' என்றே ஒரு பாட்டு உண்டு. அந்த இரண்டு பிரெஞ்சுப் பையன்களும் தாங்கள் யாரிடமிருந்து கற்றோம் என்று பெயர் பெயராகச் சொல்கிறார்கள். அதில் சிகாகோக்காரர்கள் பலர். ஒழிந்தது என்று அறிவித்த இசையைக் காப்பாற்றியவர்களுக்கு அது ஒரு வருகைப் பதிவேடு. வாத்தியாருக்குப் பிடிக்காமல் போகுமா?

கேட்டுப் பாருங்கள், ஆடுங்கள். எது பிடித்தது என்று கீழே எழுதுங்கள். முழங்கால் வலி உள்ள உறவினர்கள் உட்கார்ந்தபடியே தாளம் போடலாம்.