பேரேரிகளில் சால்மன் இருப்பு செய்தல்

வட அமெரிக்கப் பேரேரிகளில் பொழுதுபோக்குத் தூண்டில் மீன்பிடிப்பை வளர்க்க மேற்கொள்ளப்பட்ட திட்டம். கடல் லாம்ப்ரே ஒட்டுண்ணியாலும் மிகைப்பிடிப்பாலும் ஏரி டிரவுட் அழிய, உண்பாரின்றி அலைவைஃப் என்னும் அயல் சிறுமீன் பெருகியது. 1967 கோடையில் அது கோடிக்கணக்கில் செத்து மிச்சிகன் ஏரிக்கரையில் ஒதுங்கி நாறியது. பெருகிவந்த அலைவைஃபை இரையாக்கி மீன்பிடிப்பை வளர்க்க, மிச்சிகன் மாநில மீன்வளப் பிரிவுத் தலைவர் ஹோவர்ட் டானர் தலைமையில் அதற்கு முந்தைய ஆண்டே, 1966இல், கோஹோ சால்மன் குஞ்சுகளும் மறு ஆண்டு சினூக் குஞ்சுகளும் கிளையாறுகளில் விடப்பட்டன. வளர்ந்த சால்மன் தான் விடப்பட்ட ஆற்றுக்கே திரும்பும். தூண்டில்காரர்களும் அங்கே திரண்டனர். துணிச்சலான முயற்சி, ஆயினும் ஆபத்தானது. ஹியூரான் ஏரியில் சினூக் இயற்கையாகவும் இனப்பெருக்கம் செய்தது; இரை தீர்ந்து 2000களின் நடுவில் சினூக் மீன்பிடிப்பு சரிந்தது. இதே நிலை நேராதிருக்க, 2013இல் மிச்சிகன் ஏரியில் விடும் சினூக் குஞ்சுகள் பாதியளவு குறைக்கப்பட்டன. இரைமீனின் அளவைக் கணித்தே விடும் குஞ்சுகளின் எண்ணிக்கை முடிவாகிறது.