பினாங்குத் துறைமுகமும் வாசகசாலைகளும்



வாசகசாலை என்றதும் நம்மில் பலருக்கு ஓசையில்லாத ஓர் அறைதான் நினைவுக்கு வரும். வரிசையாக அலமாரிகள், நீண்ட மேசை, பேசக்கூடாது என்று சுவரில் ஓர் அறிவிப்பு. ஆனால் நம்மவர்கள் இந்த நாட்டில் புத்தகத்தோடும் பத்திரிகையோடும் பழகிய வரலாற்றைப் பார்த்தால், அது பேச்சும் சத்தமும் நிறைந்த வரலாறாக இருக்கிறது. ஒருவர் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். ஒருவர் இடையில் நிறுத்தி விளக்கம் கேட்பார், இன்னொருவர் அதை மறுத்துப் பேசுவார். இக்காலத்தில் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற பெயரில் ஒரு நூலைப் பலரும் படித்துவிட்டுக் கூடிப் பேசுகிறார்களே, அது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது நமக்குப் பழையது என்பதைப் பினாங்குத் துறைமுகத்தின் கதையைக் கொண்டே காணலாம்.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவை எடுத்துக்கொண்டார். சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்களும், படகோட்டிகளும், மூட்டை சுமப்போரும் அங்கே வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. அவர்கள் குடியிருந்த சூலியா தெரு இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1816 அக்டோபர் 21ஆம் நாள், ஹட்சிங்ஸ் பாதிரியார் பினாங்கு இலவசப் பள்ளியைத் திறந்தார். அதனுடன் சேர்ந்து தொடங்கிய தமிழ் வகுப்பைத்தான் இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். 2016இல் அதன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம்.

மறு ஆண்டு, அதாவது 1817இல், பினாங்கு நூலகம் தோன்றியது. இந்த நாட்டு நூலகங்களுள் மிகப் பழையது அது. பள்ளியும் நூலகமும் ஓராண்டு இடைவெளியில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லலாம். ஆனால் அவை ஒரே வீட்டில் வளரவில்லை. நூலகம் சந்தா கட்டக்கூடிய அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் உரியதாக இருந்தது. துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமந்தவருக்கு அதன் வாசற்படியில் வேலை இல்லை. அவருக்குத் தேவையான எழுத்து வேறு வழியாக வந்தது.

அந்த வழி கப்பல் வழி. நாகப்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் வந்த கப்பல்களில் ஆட்களோடு பெரிய எழுத்துப் புத்தகங்களும் வந்தன. நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, பாரதக் கதைகள் ஆகியவற்றைக் கண்ணுக்குச் சிரமமில்லாத தடித்த எழுத்தில் மலிவான தாளில் அச்சிட்டிருப்பார்கள். இவை ஒருவர் தனியே மூலையில் உட்கார்ந்து படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. ராகம் போட்டு ஒருவர் வாசிப்பார். பொருள் சொல்ல இன்னொருவர் இருப்பார். தமிழ் முஸ்லிம்களிடையே உமறுப் புலவரின் சீறாப்புராணமும் இவ்வாறே வாசித்து விளக்கப்பட்டது.

துறைமுகம் தமிழில் அச்சடிக்கவும் தொடங்கியது. நாகூரைச் சேர்ந்த பெரும்புலவர் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் இருந்துகொண்டு 1883இல் 'வித்தியா விசாரிணி' என்ற பத்திரிகையை நடத்தினார். அந்தப் பெயரைக் கவனியுங்கள். வித்தியை என்றால் கல்வி. விசாரிப்பவள் விசாரிணி. கல்வியைக் கேள்வி கேட்டு ஆராய்வது என்று பொருள். சும்மா படித்துவிட்டுப் போவதற்கு இந்தப் பெயரை யாரும் வைக்கமாட்டார்கள்.

இங்கே நம்முடைய கதையைச் சற்று நிறுத்தி, பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்லவேண்டும். 1908இல் பினாங்குச் சீனர்கள் ஒரு வாசகசாலையை ஏற்படுத்தினார்கள். புத்தகமும் செய்தித்தாளும் படிக்கும் சங்கம் என்பதே அதன் சீனப் பெயரின் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் பிலோமதிக் யூனியன் என்று அழைத்தார்கள். பிறகு அது ஆர்மீனியன் தெரு 120ஆம் எண் வீட்டுக்கு வந்தது. வெளிப்பார்வைக்கு அது செய்தித்தாள் படிக்கிற இடம். எழுத்தறியாத கூலியாட்களுக்கும் செய்தியை எடுத்துச் சொல்வார்கள், சொற்பொழிவு நடக்கும். உள்ளுக்குள் அது டாக்டர் சன் யாட்-சென் அவர்களின் புரட்சி இயக்கத்துக்குத் துணைநின்ற இடம். 1910இல் அவர் தம் இயக்கத்தின் தென்கிழக்காசியத் தலைமையகத்தையே சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு மாற்றினார். அந்த ஆண்டு நவம்பரில் இந்தத் தீவில்தான் கேண்டன் எழுச்சிக்குத் திட்டம் வகுத்தார்கள். டிசம்பரில், அதே 120ஆம் எண் வீட்டிலிருந்து குவோங் வா யிட் போ என்ற நாளிதழ் புறப்பட்டது. அவர் ஆற்றிய ஓர் உரையைக் காரணம் காட்டி ஆங்கில அரசு அவரைத் தீவைவிட்டு வெளியேறச் செய்தது. 1912 தொடக்கத்தில் சீனத்தில் முடியாட்சி விழுந்தது. செய்தித்தாள் படிப்பதற்காகக் கூடுகிறவர்களை ஆட்சியாளர்கள் ஏன் ஐயத்தோடு பார்த்தார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

தமிழர் நிலை வேறு. நம்மவர்களில் பெரும்பாலோர் துறைமுகத்தில் தங்கிவிடவில்லை. கப்பலை விட்டு இறங்கி, தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்து, செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் போனார்கள். தோட்டம் என்பது ஊர் அன்று. அது ஒரு கம்பெனியின் சொந்த நிலம். அங்கே பொதுவான தெரு இல்லை, பொதுவான மண்டபம் இல்லை. உறவினர் ஒருவர் பார்க்க வந்தாலும் அனுமதி கேட்கவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் 'பொது' நூலகம் எங்கிருந்து வரும்?

பள்ளிக்கூடம்கூடச் சட்டத்தின் வழியாகத்தான் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ மருந்து கொடுக்கும் டிரெசரோதான் ஆசிரியர். இன்று பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு வரும் எங்களைப் போன்றவர்கள் அந்தப் பள்ளிகளைப் பற்றி ஏளனமாகப் பேசுவது எளிது. ஆனால் தோட்டத்துக்குள் நான்கு பேரையாவது எழுத்துக் கூட்டிப் படிக்கவைத்தவை அவைதான். அந்த நான்கு பேர் போதுமானவர்களாக இருந்தார்கள்.

எப்படி என்றால், 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி அவர்களின் 'தமிழ் முரசு' வெளிவந்தது. தொடக்கத்தில் அதன் விலை ஒரு காசு. ஒரு காசு கொடுத்து ஒருவர் வாங்கினால் போதும், லயத்துக்கே செய்தி தெரிந்துவிடும். விடியுமுன் பெரட்டு, அதன்பின் பால் வெட்டு, பால் நிறுவை எல்லாம் முடிந்து, மாலையில் கோயில் முன்போ சாமான் கடைத் திண்ணையிலோ விளக்கை வைத்துக்கொண்டு ஒருவர் உரக்கப் படிப்பார். இதை நம் குடும்பங்களில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். படிக்கத் தெரிந்தவரைவிடக் கேட்பவர்தான் கெட்டிக்காரராக இருப்பதும் உண்டு. பிழையாகப் படித்தால் உடனே பிடித்துவிடுவார்.

இந்த இரண்டு பத்திரிகைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1929 டிசம்பரில், தந்தை பெரியார் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். சாதியைப் பற்றியும், சடங்குகளைப் பற்றியும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் ஊர் ஊராகப் பேசினார். அவரை ஏற்றவர்களும் இருந்தார்கள், எதிர்த்தவர்களும் இருந்தார்கள். இரு தரப்பாரும் பத்திரிகை படித்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. கருத்து வேறுபாடு இல்லாமல் வாசகர் வட்டம் நடக்காது.

இதன் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு 1941ஆம் ஆண்டு பதில் சொல்கிறது. அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஆர். எச். நாதன். அவர் தமிழ் நேசனின் துணையாசிரியராக இருந்தவர். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்டார்கள், அது எதிர்பார்க்கக்கூடியது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றார்கள். பேசவும் கூடவும் உரிமை வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றார்கள். வயிற்றுக்காக மட்டும் போராடியவர்கள் எழுதிய பட்டியலா இது? பல மாலைகள் கூடிப் படித்து, கூடிப் பேசியவர்களின் பட்டியல் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாதன் நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானியர் படையெடுப்பு வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

போருக்குப் பின் இந்தப் பழக்கம் ஒழுங்கான அமைப்பு பெற்றது. 1950களில் தமிழ் முரசின் மாணவர் பகுதியிலிருந்து மணிமன்றங்கள் கிளைத்தன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மேடையேறிப் பேசப் பழகியதும், பேசுவதற்காகப் படிக்கப் பழகியதும் அங்கேதான். அதே காலத்தில் தமிழ் நேசனில் பணியாற்ற வந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமி, 1957இல் தமிழகம் திரும்பும்வரை கோலாலம்பூரில் ஓர் இலக்கிய வட்டத்தை நடத்தினார். எழுதியதைக் கொண்டுவந்து நான்கு பேர் முன்னிலையில் வைப்பது, அவர்கள் சொல்லும் குறையைக் கேட்டுக்கொள்வது என்ற பழக்கம் நம் எழுத்தாளர்களுக்கு அப்போது ஏற்பட்டது. அது எளிதான பழக்கம் அன்று. இன்றைக்கும் நம்மில் பலருக்கு வரவில்லை.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தன. லயம் கலைந்தபோது கோயிலைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் உண்டு, பள்ளியைப் போராடி இடம் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. மாலை நேர வாசிப்பை மட்டும் யாரும் எடுத்துச் செல்லவில்லை. அதற்கென்று ஒரு கட்டடமோ பெயர்ப்பலகையோ இல்லாததால், அது போய்விட்டதைக்கூட நாம் கவனிக்கவில்லை. தமிழ் நேசனும் 2019இல் நின்றுபோனது.

மறுபக்கம், அன்று வாசலில் நிறுத்திய நூலகம் கதவைத் திறந்துவிட்டது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது பினாங்குப் பொது நூலகக் கழகமாயிற்று. இன்று அதன் தலைமையகம் தீவில்கூட இல்லை. கடலுக்கு இக்கரையில், செபராங் ஜெயாவில் இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் குடியிருக்கும் பக்கம் இது.

ஆனால் ஒன்று. நூலகம் எந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்ளும் என்பதைப் பெரும்பாலும் இரவல் கணக்குதான் தீர்மானிக்கிறது. நெடுநாள் யாரும் எடுக்காத நூலை அலமாரியிலிருந்து கழித்துவிடுவார்கள். தோட்டத்தில் புல் எடுப்பதைப் போல, நூலகத் துறையிலும் இதற்குக் களையெடுத்தல் என்றே பெயர். தமிழ் அலமாரி சுருங்குகிறதே என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். நம்மில் எத்தனை பேர் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறோம்? சீர்காழியில் பிறந்து இந்திய நூலகத் துறைக்கே தந்தையானவர் எஸ். ஆர். அரங்கநாதன். 1931இல் ஐந்து விதிகளை வகுத்த அவர், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகரைத் தேடிக்கொடுப்பதும் நூலகத்தின் வேலை என்றார். அதே ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். நம் முன்னோரில் பலர் புறப்பட்டுவந்த அதே தஞ்சை மண்ணில் நடந்தது அது.

சிங்கப்பூரில் ஆங் மோ கியோ பொது நூலகத்தில் தமிழ் வாசகர் வட்டம் ஒன்று மாதந்தோறும் கூடி வந்திருக்கிறது. அதன் முறையில் மர்மம் எதுவும் இல்லை. ஒரு நூல், ஒரு நாள், சில நாற்காலிகள். அனைவரும் ஒரே நூலைப் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். பத்துப் பேர் ஒரே மாதத்தில் ஒரு தமிழ் நூலைக் கேட்டால் நூலகத்தில் அதற்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டாகும். தமிழ் தெரியாத நூலகருக்கும் அந்தப் பட்டியல் விளங்கும்.

நம் குடும்பங்களுக்கு எந்த நூலிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலைச் சொல்வேன். தமிழகத்திலிருந்து வந்து பார்த்த ஒருவர் நம் தோட்ட வாழ்வை எழுதியது அது. அடுத்ததாக, சயாம் மரண ரயிலைப் பற்றி நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்'. இவற்றைப் பற்றிப் பேசப் பட்டதாரிகள்தாம் வேண்டும் என்பதில்லை. வெட்டுக் கத்தி பிடித்தவருக்கு நாவலாசிரியர் எங்கே சரியாகப் பார்த்தார், எங்கே தூரத்திலிருந்து பார்த்தார் என்பது இரண்டு பக்கம் கேட்டதுமே தெரிந்துவிடும். எழுத்துத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டட்டும். அவ்வாறு கேட்டுச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.