டிக்கெட்டோடு ஒரு குடை

மதுரைக்குக் கடல் கிடையாது. தெற்கே தூத்துக்குடி, கிழக்கே தனுஷ்கோடி, வடகிழக்கே நாகப்பட்டினம். கடல் தாண்டிப் போக நினைத்தவர்கள் முதலில் இன்னொரு ஊருக்குப் போயாக வேண்டும். விமானம் வந்த பிறகும் இது பெரிதாக மாறிவிடவில்லை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் இன்றைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறுகிறார்கள். இல்லையென்றால் ராத்திரி ரயிலில் சென்னை.

ஆறு மாதம், இரண்டு வருஷம் என்று தங்கப் போகிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பக்கமா போனா கம்மியா முடியும்?" ஆவணக் காப்பகங்களில் வேலை பார்ப்பதற்காக நானும் சில மாதங்கள் வெளியே தங்க வேண்டியிருந்தபோது இதே கேள்வியோடு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். கொழும்பு வழியா, தோஹா வழியா? போகிற தேதியை இரண்டு நாள் நகர்த்தினால் விலை இறங்கும். திரும்புகிற தேதியைத் தள்ளிப்போட்டால் ஏறும். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது. பழைய ஆட்களுக்கு அதற்கு ஒரு பதிலும் இருந்தது: வேறு யாராவது காசு கட்டுகிறார்களா என்று பார். அந்த 'வேறு யாராவது' எதற்காகக் கட்டினார் என்பதைத்தான் இங்கே தேடிப் பார்க்கிறேன்.

ரயில் மதுரைக்கு 1875இல் வந்தது. அடுத்த ஆண்டு தூத்துக்குடி வரை நீண்டது. அதற்கு முன்னால் கண்டிச்சீமைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்கள் நடந்தே போனார்கள். ராமநாதபுரம் கரைவரை நடை, தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டு வழியாக மலைநாட்டுக்கு மறுபடியும் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். நடைக்கு டிக்கெட் இல்லையே, அது இலவசம்தானே என்று தோன்றலாம். இல்லை. வழிச்சோறு, தோணிக்கூலி, வீட்டில் விட்டுவிட்டு வந்த முன்பணம் எல்லாவற்றையும் கங்காணி கணக்கில் எழுதினார். தோட்டத்தில் கால் வைக்கும்போதே ஆள் கடனாளி.

அந்தக் கடனுக்கு ஒரு காகிதம் உண்டு. அதன் பெயர் 'துண்டு'. இந்த ஆள் இவ்வளவு பாக்கி வைத்திருக்கிறான், அதைக் கட்டுகிறவர் இவனைக் கூட்டிப் போகலாம் என்று பழைய தோட்டம் புதிய தோட்டத்துக்குத் தரும் சீட்டு. வழிச்செலவு ஒரு மனிதனின் விலைச்சீட்டாக மாறிவிடுகிற இடம் இதுதான். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

நடுவில் இன்னொரு ஏற்பாடும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்றைப் போகிறவர் கழுத்தில் கட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் போதும். ரயில், கப்பல், முகாமில் சாப்பாடு எதற்கும் கையில் காசு வேண்டாம். செலவெல்லாம் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் பற்றில் ஏறும், அங்கிருந்து தொழிலாளியின் பற்றுக்கு இறங்கும். தோட்ட முதலாளிகள் 1904இல் திருச்சியில் ஆள் சேர்ப்பு ஆணையம் ஒன்றையே திறந்து, மதுரை உள்ளிட்ட மாவட்டங்களில் முகவர்களை வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, ஊர் எல்லை தாண்டாத ஒருவர் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஹட்டன் மலைவரை வழி கேட்காமல் போய்ச் சேர முடிந்தது. வசதியைப் பொறுத்தவரை இன்றைய எந்த டிக்கெட்டும் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் வில்லை போகிற பாதைக்கு மட்டும்தான்.

கட்டணம் உண்மையிலேயே தரைக்கு வந்த ஒரு காலமும் உண்டு. வ.உ.சி. 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். அதன் தலைவராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர், மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே மனிதர். ஒரு பக்கம் ஏடு தேடிப் பதிப்பித்துக்கொண்டு இன்னொரு பக்கம் கப்பல் கம்பெனிக்குத் தலைமை தாங்கியிருக்கிறார்! 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடி–கொழும்பு தடத்துக்கு வந்தன. அதுவரை அந்தத் தடத்தைக் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது. பதிலுக்கு வெள்ளைக்காரக் கம்பெனி, சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றது. இது வழக்கமாகச் சொல்லப்படுகிற கதை.

வ.உ.சி.யின் தியாகத்தைச் சொல்லும்போது இந்தக் குடையை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நான் அங்கேயே கொஞ்சம் நின்றுவிடுகிறேன். நஷ்டத்துக்குக் கப்பல் ஓட்ட ஒரு கம்பெனியால் முடிகிறதென்றால், அந்த நஷ்டத்தைக் கொடுத்து அது வாங்குவது தடத்தை. போட்டியாளர் போன மறுநாள் கட்டணம் என்ன என்பதை அதுவே தீர்மானிக்கும். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. குடையும் அத்தோடு போயிற்று. நம் காலத்தில் புதுத் தடத்தில் அறிமுக விலை என்று அள்ளி வீசும்போது எனக்கு அந்தக் குடை ஞாபகம் வரும்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயிலில் ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடியும் ரயிலில் கொழும்பு. தூத்துக்குடியிலிருந்து ஒரு ராத்திரி பிடித்த கடல், இங்கே இருபத்திரண்டு மைலாகச் சுருங்கிவிட்டது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் மட்டும் மண்டபம் முகாமில் இறங்கி, நோய் எதுவும் இல்லையென்று தெரியும்வரை காத்திருக்க வேண்டும்.

மலாயாவின் கதை வேறு. அங்கே முதலாளிகள் எல்லோரிடமும் வரி வசூலித்து 1907இல் தமிழர் குடிபெயர்வு நிதி ஒன்றை உண்டாக்கினார்கள். ஊரிலிருந்து ரயில் கட்டணம், நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ முகாம் செலவு, கப்பல் கட்டணம் எல்லாம் நிதியிலிருந்து. இலங்கையைப் போல அது தொழிலாளியின் கடனாக ஏறவில்லை. காகிதத்தில் பார்த்தால் நியாயமான ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, அதே நிதி ஆயிரக்கணக்கானவர்களுக்குத் திரும்புகிற டிக்கெட்டையும் இலவசமாக எடுத்துக் கொடுத்தது. ரப்பர் ஏறும்போது ஒரு கப்பல், இறங்கும்போது ஒரு கப்பல். எவ்வளவு காலம் தங்குவது என்பதைத் தங்குகிறவர் முடிவு செய்யவில்லை.

சொந்தக் காசில் போனவர்களுக்கு டெக் டிக்கெட்தான். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளுக்கு அனுமதி இருந்தது. அறை, கட்டில் எதுவும் கிடையாது. டிரங்குப் பெட்டியைப் பக்கத்தில் வைத்து, பாயை விரித்தால் அதுதான் இடம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. படகில் போய் ஏற வேண்டும். பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்த ரஜூலா 1973 வரை ஓடியது. ஒரு தலைமுறைக்குக் கப்பல் என்றாலே ரஜூலாதான்.

உதவிப் பணத்தில் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. அதே 1938இல்தான் சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம் பதினெட்டு வயதில் மேடானுக்குப் போனார், ஒரு கடையில் வேலை பார்க்க. யுத்தம் முடிந்து 1946இல் மதுரைக்குத் திரும்பினார். தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனி அறை, இரண்டு நாவல்கள். 'புயலிலே ஒரு தோணி' புத்தகமாக வந்தது 1972இல். மதுரைத் தெருக்களை மேடானிலும் பினாங்கிலும் உட்கார்ந்து நினைக்கிற அந்த நாவலை, திரும்பி வர முடிந்த ஒருவர்தான் எழுத முடிந்தது என்று எனக்குப் படும். வர முடியாதவர்கள் எழுதாமல் விட்ட நாவல்களும் இருக்கும்தானே.

பிறகு 1964. அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்து. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்தவர்கள். 'திரும்புதல்' என்ற சொல்லே அவர்களுக்குப் பொருந்தாது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியையே அழித்தது, ரயிலோடு சேர்த்து. அதன்பின் ராமேஸ்வரத்துக்குக் கப்பலை மாற்றினார்கள். தாத்தா பாட்டி தகர வில்லையோடு போன அதே கடலில் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கி, அதே மண்டபம் முகாமில் உட்கார்ந்திருந்தார்கள்.

மலேசியத் தடத்தில் ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தக் கப்பல் வழியும் முடிந்தது. மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் 2012 செப்டம்பரில்தான் கிளம்பியது. எங்கே? கொழும்புக்கு! பல நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட விமான ஒப்பந்தங்களில் மதுரையின் பெயர் இல்லாததால், அந்நாட்டு நிறுவனங்கள் திருச்சியில் இறங்குகின்றன, இங்கே இறங்குவதில்லை. இப்படியாக மாட்டுத்தாவணி இன்னும் நமக்கு நாகப்பட்டினமாக இருக்கிறது.

டிக்கெட்டுக்கு அடுத்தவர் கட்டுகிற வழக்கமும் போகவில்லை. வளைகுடா வேலைக்குக் கம்பெனி டிக்கெட். இரண்டு வருஷம் முடித்தால் லீவுக்கு இன்னொன்று. ஆள் அனுப்பும் ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. திருமங்கலம், மேலூர்ப் பக்கம் போய் வட்டிக்கு வாங்கிக் கொடுத்த தொகை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

போன வருஷம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, படித்துச் சொல்லச் சொன்னான். போகிற டிக்கெட் கம்பெனி செலவு. இரண்டு வருஷம் முடித்தால் வருகிற டிக்கெட்டும் அவர்கள் செலவு. முடிக்காமல் கிளம்பினால் இரண்டும் சம்பளத்தில் பிடிக்கப்படும். அந்த வரியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

"முப்பது கிலோ வரைக்கும் பெட்டி ஃப்ரீயாம்ணே" என்றான்.