எல்லையில் நின்றுபோன ஆணை

1940களில் பாலக்காட்டுக் குடியானவர் ஒருவர் கீழ் நீதிமன்றத்தில் தோற்றால், சென்னை உயர் நீதிமன்றம்வரை மேல்முறையீடு செல்ல வழி இருந்தது. ஆனால், சட்டத்தை மீறிய உள்ளூர் அதிகாரிக்கு நேரே ஆணையிடுமாறு அதே நீதிமன்றத்தை அவர் வேண்டியிருந்தால் வெறுங்கையுடன் திரும்பியிருப்பார். மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரம் வேறு; அதிகாரிக்குக் கட்டளையிடும் அதிகாரம் வேறு.

இன்று நாம் கேரளத்தின் தமிழ் எல்லைப்பகுதி என்று சொல்வது அன்று மூன்று நீதி ஆளுகைகளில் சிதறிக் கிடந்தது. பாலக்காடு, மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னையின் கீழ் இருந்தது. சித்தூர் கொச்சி அரசுக்கும், இன்றைய இடுக்கியின் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கும் உரியவை.

சென்னை நீதிமன்றத்தின் கையைக் கட்டியது 1877ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம். அதன் 45ஆம் பிரிவு, பொது அதிகாரிகளுக்குக் கட்டளையிடும் உரிமையைக் கல்கத்தா, சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களுக்கு மட்டும் தந்தது. அதுவும் அந்நகர எல்லைக்குள்தான். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமும் 224ஆம் பிரிவில் ஒரு வரம்பு வைத்தது. கீழ் நீதிமன்றங்களிடம் கணக்கு கேட்கலாம், அவற்றின் அலுவலர்கள் பேண வேண்டிய படிவங்களை வகுக்கலாம். மேல்முறையீடோ சீராய்வோ இல்லாத தீர்ப்பைக் கேள்வி கேட்க இயலாது.

இந்த வரம்பின் கடுமையை 1943இல் பர்லாகிமேடி வழக்கு காட்டியது. கஞ்சம் மாவட்டக் குடியானவர்கள் குத்தகை உயர்வை எதிர்த்தனர். அதில் ஆணை பிறப்பித்த வருவாய் வாரியம் சென்னை நகரிலேயே இயங்கியது. ஆயினும் நிலமும் குடிகளும் நகருக்கு வெளியே இருந்ததால், அந்த ஆணையை நீதிப்பேராணையால் நீக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு இல்லை என்றது பிரிவி கவுன்சில். 1801இல் தொடங்கிய பழைய சென்னை உச்ச நீதிமன்றத்துக்கு இல்லாத அதிகாரம் அதன் வாரிசுக்கும் இல்லை என்பது அதன் வாதம். மலபாருக்கும் இதே விதிதான்.

1950இல் அரசமைப்பின் 226ஆம் உறுப்பு நகர எல்லையை உடைத்தது. எனினும் 1953இல், டெல்லியிலிருந்த தேர்தல் ஆணையத்துக்குச் சென்னை நீதிமன்றம் ஆணையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பு அலுவலகம் உள்ளே இருந்தும் பயனில்லை. இப்போது வழக்கின் காரணம் உள்ளே இருந்தும் பயனில்லை! இக்குறையை 1963இல் பதினைந்தாவது திருத்தம் நீக்கியது. அதற்குள், 1956 நவம்பர் 1 முதல், மூன்று பகுதிகளும் எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர் நீதிமன்றத்தின் கீழ் வந்துவிட்டன.

எல்லைப்புற மக்களின் குரல் பழைய நீதிமன்ற ஆவணங்களில் அரிதாகவே கேட்கிறது என்கிறோம். அவர்கள் முறையிடவில்லை என்று முடிவுகட்டுமுன், அம்முறையீட்டின்மேல் ஆணையிடும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கு இருந்தது என்று கேட்பதே வரலாற்று மாணவரின் முதற்கடமை.